ஒய்பிசிஓ-ல குவாண்டம் ஆசிலேஷன்: சூப்பர்கண்டக்டிவிட்டியையே கொன்னுட்டு அப்புறம் அதுல என்னத்த அளக்குறாங்க?

ஹெச்பார்_தம்பி கேட்டது:

வணக்கம் மக்களே. எம்எஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், அடுத்த வாரம் செமினார். மேடம் குடுத்த டாபிக் கப்ரேட் (காப்பர்-ஆக்சிஜன் தளங்கள் உள்ள) சூப்பர்கண்டக்டர்ல குவாண்டம் ஆசிலேஷன் (காந்தப்புலத்தை மாத்தும்போது ரெசிஸ்டன்ஸ் மாதிரி அளவுகள் அலை அலையா ஆடறது), அதுலயும் ஒய்பிசிஓ (யிட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு) பத்தி 2007 நேச்சர்ல வந்த டாய்ரான்-லெரோ பேப்பரை வச்சு பண்ணுன்னுட்டாங்க. பேப்பர் நாலே பக்கம்தான் ஆனா மொத்தமும் தலைக்கு மேல போகுது.

என் குழப்பம் ரொம்ப அடிமட்டமானது, சிரிக்காதீங்க. சூப்பர்கண்டக்டர்னா ரெசிஸ்டன்ஸ் சைபர், சைபர்ல என்ன ஆசிலேஷன் வரும்? 62 டெஸ்லா வரைக்கும் புலம் குடுத்து சூப்பர்கண்டக்டிவிட்டியை அடக்கிட்டோம்னு எழுதிருக்காங்க, சரி, அடக்கிட்டா அப்புறம் அது சூப்பர்கண்டக்டரே இல்லையே, பின்ன எப்படி "சூப்பர்கண்டக்டரோட எலக்ட்ரானிக் ஸ்ட்ரக்சர்"னு சொல்றாங்க? அடுத்தது 530 டெஸ்லான்னு ஒரு ஃப்ரீக்வென்சி. ஃப்ரீக்வென்சிக்கு எப்படிப்பா டெஸ்லா யூனிட் வரும்? கடைசியா ஆர்பெஸ்ல (ஒளியால எலக்ட்ரானை வெளிய தட்டி அளக்குற முறை) பாத்தா இதே மாதிரி மெட்டீரியல்ல ஃபெர்மி சர்ஃபேஸ் (நிரம்பின எலக்ட்ரான் நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் நடுவுல இருக்குற எல்லை) முழுசா மூடாம நாலு துண்டு ஆர்க்கா தெரியுது, இவங்க மூடின பாக்கெட் (சின்ன வளையம்) இருக்குங்கறாங்க. யாரு சொல்றது சரி?

---

க்ரையோஸ்டாட்_அண்ணன்:

தம்பி, சிரிக்க ஒண்ணுமில்ல, உன் முதல் கேள்விலயே பாதி செமினார் இருக்கு.

சூப்பர்கண்டக்டிவிட்டி அந்தரத்துல இருந்து வரல. கீழ ஒரு மெட்டல் இருக்கு, அந்த மெட்டல்ல ஃபெர்மி சர்ஃபேஸ்ல இருக்குற எலக்ட்ரான்கள்தான் ஜோடி சேருது. ஜோடி சேந்ததுக்கு அப்புறம் கேப் (எனர்ஜி இடைவெளி) திறந்துரும், ஃபெர்மி சர்ஃபேஸ் மறைஞ்சிரும், அப்ப "எந்த மாதிரி மெட்டல்ல இருந்து இது பொறந்துச்சு"ன்னு தெரிஞ்சிக்கணும்னா ஜோடியை பிரிச்சுதான் பாக்கணும். பிரிக்க ரெண்டு வழி, சூடாக்கலாம் இல்ல காந்தப்புலம் போடலாம். சூடாக்கினா ஆசிலேஷன் செத்துரும் (ஏன்னு கீழ யாராவது சொல்வாங்க), அதனால குளிர்லயே வச்சுட்டு புலம் போடறாங்க. சூப்பர்கண்டக்டருக்கு அடியில இருக்குற நார்மல் ஸ்டேட்டைத்தான் அளக்குறாங்க, அதை உன் முதல் ஸ்லைடுலயே சொல்லிரு, பாதி பேரோட கேள்வி அங்கயே அடங்கிரும்.

சூப்பர்கண்டக்டிவிட்டி முழுசா சாகணும்னு கூட கட்டாயம் இல்ல. 1976-லயே கிரேப்னர், ராபின்ஸ்னு ரெண்டு பேர் நையோபியம் டைசெலினைடுல வோர்டெக்ஸ் ஸ்டேட்டுக்குள்ளயே (புலம் சுழல் சுழலா உள்ள நுழைஞ்ச நிலை), அதாவது சூப்பர்கண்டக்டிங்கா இருக்கும்போதே ஆசிலேஷனை பாத்துட்டாங்க. அதே ஃப்ரீக்வென்சி, ஆம்ப்ளிட்யூட்தான் குறையும்.

இப்ப டெஸ்லா விஷயம். புலம் போட்டா எலக்ட்ரான் வட்டமடிக்கும், அந்த வட்டத்துக்கு எல்லா அளவும் அனுமதி கிடையாது, கே-ஸ்பேஸ்ல (எலக்ட்ரானோட உந்தத்தை அச்சா வச்ச வெளி) அது சுத்துற பரப்பளவு குறிப்பிட்ட படிகள்லதான் இருக்கலாம். ஒண்ணுக்குள்ள ஒண்ணா சொருகி வச்ச டம்ளர் மாதிரி குழாய் குழாயா இருக்கும்னு நினைச்சிக்கோ, புலத்தை ஏத்த ஏத்த எல்லா குழாயும் விரியும், ஒவ்வொரு குழாயா ஃபெர்மி சர்ஃபேஸைத் தாண்டி வெளிய போகும். ஒண்ணு தாண்டும்போதெல்லாம் ஃபெர்மி லெவல்ல டென்சிட்டி ஆஃப் ஸ்டேட்ஸ் (எலக்ட்ரானுக்கு கிடைக்கிற நிலைகளோட அடர்த்தி) ஒருதரம் ஏறி இறங்கும், அதோட சேந்து ரெசிஸ்டன்ஸ், காந்தமாக்கம், ஸ்பெசிஃபிக் ஹீட் எல்லாமே ஆடும். இந்த தாண்டுற சம்பவம் புலத்துல சம இடைவெளியில வராது, ஒன்றின் கீழ் புலத்துல சம இடைவெளியில வரும். எக்ஸ் அச்சோட யூனிட் ஒன்றின் கீழ் டெஸ்லான்னா ஃப்ரீக்வென்சியோட யூனிட் டெஸ்லா, அவ்வளவுதான். நிஜமான புலத்தோட அதை சேத்து குழப்பிக்காத, 530 டெஸ்லா காந்தம் எவன்கிட்டயும் இல்ல.

ஆன்சாகர் 1952-ல சொன்னது என்னன்னா அந்த ஃப்ரீக்வென்சி நேரா பரப்பளவுக்கு விகிதம். 1 டெஸ்லாவுக்கு 0.00955 ஒன்றின் கீழ் சதுர நானோமீட்டர். உன் பேப்பருக்கு போடு: 530 பெருக்கல் 0.00955, சுமார் 5.06. ஒய்பிசிஓ-ல காப்பர் ஆக்சிஜன் தளத்தோட செல் சுமார் 0.382-க்கு 0.389 நானோமீட்டர், அதோட ப்ரில்லுவான் சோன் (கே-ஸ்பேஸ்ல அதுக்கான செல்) பரப்பு 266 சொச்சம். வகுத்தா 1.9 சதவீதம். அந்த பேப்பரோட வெடிகுண்டே இந்த 1.9 தான்.

அதுல என்ன வெடிகுண்டுன்னா, 2008-ல இந்த பேப்பரோட அளவு நடந்த அதே டூலூஸ் லேப்ல பிரிஸ்டல் ஆளுங்களோட சேந்து தாலியம் கப்ரேட்ல, நல்லா ஓவர்டோப் பண்ண (ஹோல், அதாவது எலக்ட்ரான் இல்லாத காலி இடம், நிறைய சேத்த) சாம்பிள்ல அளந்தாங்க, வந்த ஃப்ரீக்வென்சி 18,100 டெஸ்லா. அதே கணக்கை போட்டுப்பாரு, சோன்ல 65 சதவீதம் வரும். ரெண்டால பெருக்கு, ஏன்னா ஸ்பின் ரெண்டு, 1.3 ஹோல். 1 கூட்டல் 0.3 டோப்பிங். பேண்ட் தியரி என்ன சொல்லுச்சோ அச்சு அசலா அது. அந்தப்பக்கம் 65, இந்தப்பக்கம் 1.9, நடுவுல டோப்பிங் மட்டும்தான் மாறிருக்கு. பெரிய ஃபெர்மி சர்ஃபேஸ் எங்க போச்சுங்கறதுதான் கேள்வி.

---

லாக்இன்_லாவண்யா:

அண்ணன் சொன்னதுக்கு மேல செய்முறைப் பக்கம் மட்டும் நான் சேக்குறேன், நான் பல்ஸ்டு ஃபீல்டுல கொஞ்ச காலம் குப்பை கொட்டினவ.

தம்பி, இந்த 60 டெஸ்லாங்கறது நிலையா நிக்குற புலம் இல்ல. பெரிய கெபாசிட்டர் பேங்கை சார்ஜ் பண்ணி லிக்விட் நைட்ரஜன்ல முக்கி வச்ச காயிலுக்குள்ள ஒரே தடவையா கொட்டுவாங்க, மொத்த பல்ஸும் அரை நொடிக்குள்ள முடிஞ்சிரும். அந்த அரை நொடிக்காக காயில் மறுபடி குளிர்ற வரைக்கும் டீ குடிச்சிட்டு உக்காந்திருக்கணும். சாம்பிளை இதுக்கு ஹீலியத்துல 1.5-ல இருந்து 4.2 கெல்வின் வரைக்கும் வச்சிருப்பாங்க. புலம் அவ்வளவு வேகமா மாறும்போது கம்பியில ஒரு சின்ன லூப் விட்டுப் போனாலும் அதுல வோல்டேஜ் தூண்டி உன் சிக்னலை முழுங்கிரும், அதனால சாம்பிள்ல இருந்து வர்ற கம்பியை முறுக்கி ஒட்டி வைக்கறதுலயே நாள் போயிரும். சாம்பிள்ல எடி கரண்ட் ஓடி அது சூடாகியும் தொலைக்கும். அதுக்குதான் புலம் ஏறும்போது எடுத்த கர்வையும் இறங்கும்போது எடுத்த கர்வையும் மேலமேல வச்சு பாப்போம், ரெண்டும் ஒட்டலன்னா அந்த ஷாட்டை நம்பக்கூடாது.

சூடாக்கினா ஏன் சாகுதுன்னு அண்ணன் விட்டுட்டு போனாரே, அது லிஃப்ஷிட்ஸ்-கோசெவிச் ஃபார்முலா. எக்ஸ் = 14.69 × நிறை × வெப்பநிலை ÷ புலம், ஆம்ப்ளிட்யூட் எக்ஸ் பை சைன்-ஹெச் எக்ஸ்-ஆ குறையும். இந்த பேப்பர்ல நிறை எலக்ட்ரான் நிறையில 1.9 மடங்கு. 50 டெஸ்லாவுல போட்டுப்பாரு: 1.5 கெல்வின்ல 0.89 மிஞ்சும், 4.2-ல 0.45, பத்து கெல்வினுக்கு போனா 0.04. செத்தே போச்சு. ஆனா இதுலதான் லாபமும் இருக்கு, ஆம்ப்ளிட்யூட் வெப்பநிலையோட எப்படி குறையுதுன்னு அளந்தா நிறை கைல வந்துரும், அந்த 1.9-ஏ அப்படி வந்ததுதான். 2015-ல ராம்ஷா க்ரூப் லாஸ் அலமாஸ்ல 90 டெஸ்லாவுக்கு மேல போய் இதே வேலையை பல டோப்பிங்ல செஞ்சாங்க, டோப்பிங் 0.18-ஐ நெருங்க நெருங்க நிறை ஏறிக்கிட்டே போகுது, அதை குவாண்டம் கிரிட்டிக்கல் பாயிண்டோட (சைபர் கெல்வின்ல நிலை மாறுற புள்ளி) அடையாளமா எடுத்துக்கறாங்க. செமினார்ல நேரம் இருந்தா அந்த படத்தை போடு, கண்ணுக்கே தெரியும்.

இன்னொரு டேம்பிங் (ஆசிலேஷன் தேயறது) சாம்பிள் அழுக்கால வர்றது, டிங்கிள் ஃபேக்டர். எலக்ட்ரான் எதுலயும் மோதாம சுத்தை முடிக்கணும், முடிக்கலன்னா அடுக்குக்குறிப்படி அழிஞ்சிரும். 1987-லயே ஒய்பிசிஓ வந்துருச்சு, இது தெரிய 20 வருஷம் ஆனதுக்கு காரணமே இந்த சுத்தம்தான்னு நான் சொல்வேன். வான்கூவர்ல லியாங், பான், ஹார்டி மூணு பேரும் பேரியம் சிர்கோனேட்ல க்ரூசிபிள் (உருக்குற கிண்ணம்) செஞ்சு அதுல கிரிஸ்டல் வளத்தாங்க, சாதா க்ரூசிபிள்னா அதோட பொருளே கரைஞ்சு கிரிஸ்டலுக்குள்ள போயிரும். அது போக ஒய்பிசிஓ 6.5-ல டோப்பிங் தர்ற ஆக்சிஜன் காப்பர் தளத்துல இல்ல, தள்ளி செயின்ல இருக்கு, அதுவும் ஒரு செயின் முழுசு ஒரு செயின் காலின்னு வரிசையா அடுக்கிக்கும், ஆர்த்தோ-டூன்னு பேரு. லாந்தனம் கப்ரேட்ல ஸ்ட்ரான்ஷியம் கண்டபடி சிதறிக் கிடக்கும், அதுல இது தெரியாம போனதுல ஆச்சரியம் இல்ல.

அப்புறம் ஒண்ணு, ஃபூரியே படத்துல (எந்தெந்த ஃப்ரீக்வென்சி இருக்குன்னு காட்டுற படம்) பீக்கைப் பாத்து ஏமாறாத. 50-ல இருந்து 62 வரைக்கும் தான் ஆசிலேஷன் நல்லா தெரியுதுன்னு வை, ஒன்றின் கீழ் புலத்துல அந்த ஜன்னல் 0.0039 தான், அப்ப பீக்கோட அகலமே சுமார் 260 டெஸ்லா. மையம் எங்கன்னு ஃபிட் பண்ணி நல்லாவே சொல்லிரலாம், ஆனா பக்கத்துல இன்னொரு பீக் இருந்தா பிரிக்க முடியாது. பின்னாடி இன்னும் அகலமா புலம் குடுத்து பாத்தப்பதான் 530-க்கு ரெண்டு பக்கமும் சுமார் 90 டெஸ்லா தள்ளி இன்னும் ரெண்டு இருக்கறது தெளிவாச்சு. பேக்ரவுண்டை கழிக்க பாலினாமியல் போடுவாங்க இல்லையா, அதோட ஆர்டரை மாத்தினா குறைஞ்ச ஃப்ரீக்வென்சி பக்கம் பொய் பீக் முளைக்கும். நிஜமா பொய்யான்னு பாக்க சாம்பிளை சாய்ச்சு அளக்கணும், ரெண்டு பரிமாண ஷீட்னா ஃப்ரீக்வென்சி ஒன்றின் கீழ் காஸ் கோணமா ஏறணும்.

---

ஹெச்பார்_தம்பி:

அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி, 1.9 சதவீதத்தை நானே கால்குலேட்டர்ல போட்டு பாத்தேன், வந்துருச்சு. ஆனா இப்ப வேற குழப்பம். பாக்கெட் இவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சிருச்சு, அது சோன்ல எங்க இருக்கு? ஆர்க் இருக்குற இடத்துலயா, வேற எங்கயாவதா? பேப்பர்ல அந்த வரியை தேடித்தேடி பாத்தேன், கிடைக்கல.

---

பழைய_போஸ்ட்டாக்:

கிடைக்காது, ஏன்னா அது அளவுல இல்ல. இந்த டெக்னிக்கோட பலமும் பலவீனமும் இதுதான் தம்பி, பரப்பளவை தசம புள்ளி வரைக்கும் சொல்லும், விலாசத்தை சொல்லாது. விலாசத்துக்கு வேற சாட்சி தேடணும்.

முதல் சாட்சி ஹால் எஃபெக்ட், அதாவது புலத்துல கரண்டுக்கு குறுக்க வர்ற வோல்டேஜ், ஓடறது ஹோலா எலக்ட்ரானான்னு அதோட குறி சொல்லும். இந்த மெட்டீரியல்ல நாம போட்டது ஹோல், ஹால் பாசிட்டிவா வரணும். குளிர்ல புலத்துல அது நெகட்டிவா போகுது, 2007-லயே லெபோஃப் தனி பேப்பரா போட்டாங்க. அப்ப சுத்துறது எலக்ட்ரான் பாக்கெட். ஹோல் டோப் பண்ண பொருள்ல எலக்ட்ரான் பாக்கெட் எங்கருந்து வந்துச்சு? ஏதோ ஒரு புது ஒழுங்கு வந்து சோனை மடிச்சிருக்கு, பெரிய ஃபெர்மி சர்ஃபேஸ் துண்டாகி துண்டுகள் ஒட்டிக்கிட்டு சின்ன பாக்கெட்டாச்சு. முதல்ல எல்லாரும் காந்த ஒழுங்குன்னு நினைச்சாங்க. 2011-ல க்ரெனோபிள்ல என்எம்ஆர் (அணுக்கரு காந்த ஒத்ததிர்வு) பண்ணி, புலத்துல வர்றது சார்ஜ் ஒழுங்கு (சார்ஜ் அலை மாதிரி அடுக்கிக்கறது), ஸ்பின் இல்லன்னு காட்டினாங்க, அடுத்த வருஷமே எக்ஸ்ரேல புலமே இல்லாம அந்த சார்ஜ் டென்சிட்டி வேவ் தெரிஞ்சிருச்சு. காப்பர்-ஆக்சிஜன் பிணைப்பு திசையில ரெண்டு பக்கமும், அலை எண் சுமார் 0.31.

இப்ப உன் ஆர்க் கேள்விக்கு வரேன். ஹாரிசனும் சுசித்ரா செபாஸ்டியனும் சொன்ன படம் இது: அந்த ரெண்டு அலை எண்ணால நாலு ஆர்க்கையும் நகத்தி ஒட்டினா, உள்பக்கம் குழிஞ்ச வைர வடிவத்துல ஒரு மூடின பாக்கெட் வரும், அது எலக்ட்ரான் பாக்கெட்டாவும் இருக்கும், பரப்பும் கிட்டத்தட்ட ஒத்துவரும். அதாவது ஆர்பெஸ் பாத்தது துண்டு, ஆசிலேஷன் பாத்தது அந்த துண்டுகளை தச்ச பிறகு வந்த வளையம். ரெண்டு பேரும் பொய் சொல்லல. அது போக ஆர்பெஸ்ஸை இந்த புலத்துல பண்ணவே முடியாது, வெளிய வர்ற எலக்ட்ரானையே புலம் சுருட்டிரும், ஒய்பிசிஓ-வோட மேற்பரப்பு வேற தன் பாட்டுக்கு கூடுதலா டோப் ஆகிக்கும், அதனால ஒரே சாம்பிள்ல நேருக்கு நேர் ஒப்பிடறதே கஷ்டம்.

ஒய்பிசிஓ-வோட செயின்னால வர்ற கோளாறோன்னு ஒரு சந்தேகம் ரொம்ப நாள் ஓடுச்சு. செயினே இல்லாத, ஒரே ஒரு காப்பர் தளம் மட்டும் இருக்குற மெர்குரி கப்ரேட்ல 2013-ல 840 டெஸ்லா கிடைச்சதும் அது அடங்கிருச்சு.

(சுசித்ரா செபாஸ்டியன் சென்னை டபிள்யூசிசில பிஎஸ்சி பிசிக்ஸ், அகமதாபாத் ஐஐஎம்ல எம்பிஏ, அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல பிஎச்டி, இப்ப கேம்ப்ரிட்ஜ். எம்பிஏ முடிச்சிட்டு 100 டெஸ்லா பக்கம் வந்த வேற ஆளை எனக்கு தெரியாது.)

---

சந்தேக_சாமி:

எல்லாரும் கல்யாண வீடு மாதிரி சந்தோஷமா பேசுறீங்க, ஒருத்தனாவது குறுக்க பேசணும் இல்ல.

இவங்க அளந்தது 2 கெல்வின்ல, 50 டெஸ்லாவுல. நமக்கு தெரியவேண்டிய சூடோகேப் (சூப்பர்கண்டக்டிவிட்டி வர்றதுக்கு முன்னாடியே எலக்ட்ரான் நிலைகள்ல ஒரு பகுதி காணாம போற நிலை) இருக்கறது 100, 200 கெல்வின்ல, புலமே இல்லாம. ரெண்டும் ஒரே நிலைன்னு யாரு சொன்னா? 2015-ல எக்ஸ்ரே லேசரோட 28 டெஸ்லா பல்ஸ் சேத்து பாத்தாங்க, புலம் ஏறினதும் சார்ஜ் ஒழுங்கே குணம் மாறி முப்பரிமாணமா கோர்த்துக்குது. அதாவது நீ பாக்கறதுக்காக போட்ட புலமே பாக்குற பொருளை மாத்துது. சூப்பர்கண்டக்டிவிட்டி முழுசா செத்துச்சாங்கறதுலயும் சண்டை இருக்கு, ஒரு பக்கம் தெர்மல் கண்டக்டிவிட்டியை வச்சு டோப்பிங் 0.11 பக்கத்துல இருபத்தி சொச்சம் டெஸ்லாவுலயே கதை முடிஞ்சிருதுங்கறாங்க, கேம்ப்ரிட்ஜ் பக்கம் அதுக்கு ரொம்ப மேலயும் வோர்டெக்ஸ் உயிரோட இருக்குன்னு 2021-ல எழுதிருக்காங்க. எனக்கு இதுல ஒரு பக்கம் சாய மனசு வரல.

கேரியர் கணக்கையும் பாரு தம்பி. 1.9 சதவீதம், ரெண்டு ஸ்பின், காப்பர் ஒண்ணுக்கு 0.038. நீ போட்ட டோப்பிங் 0.10. மீதி எங்க? இன்னொரு சின்ன ஹோல் பாக்கெட் இருக்குன்னு 2015-ல சுமார் 95 டெஸ்லா ஃப்ரீக்வென்சியை காட்டினாங்க, இல்ல அது ரெண்டு பெரிய ஃப்ரீக்வென்சியோட வித்தியாசம்தான்னு எதிர்பக்கம் சொல்லுது. மேல அக்கா சொன்ன அந்த 90 இடைவெளியை ஞாபகம் வச்சிக்கோ, சண்டை எதுக்குன்னு புரியும்.

இன்னும் பெரிய குண்டு ஒண்ணு போடறேன். ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் தெரியுமா? டிசி (சூப்பர்கண்டக்டர் ஆகுற வெப்பநிலை) 1.5 கெல்வின், சி-அச்சுல ஒரு டெஸ்லால பத்துல ஒரு பங்கு கூட வேண்டாம் சூப்பர்கண்டக்டிவிட்டி அவுட். கிரிஸ்டல் படு சுத்தம். 1996-ல மெக்கன்சி க்ரூப் மூணு ஷீட்டையும் அளந்துட்டாங்க, 3.05, 12.7, 18.5 கிலோடெஸ்லா, சோன்ல இருக்குற எலக்ட்ரான் கணக்கு அப்படியே டேலி ஆகுது, நிறையும் தெரியும். உலகத்துலயே இவ்வளவு நல்லா ஃபெர்மி சர்ஃபேஸ் தெரிஞ்ச அன்கன்வென்ஷனல் சூப்பர்கண்டக்டர் வேற இல்லன்னே சொல்லலாம். சரி, ஜோடி எப்படி சேருது? ட்ரிப்லெட்னு (ஜோடியில ரெண்டு ஸ்பினும் இணையா இருக்குற வகை) வருஷக்கணக்கா பாடப்புத்தக உதாரணமா சொல்லிட்டு 2019-ல புது என்எம்ஆர் வந்து கவுத்துருச்சு. இன்னும் அடிச்சிக்கிறாங்க. ஃபெர்மி சர்ஃபேஸ் தெரிஞ்சா சூப்பர்கண்டக்டிவிட்டி புரிஞ்சிரும்னு நினைக்காத.

---

பழைய_போஸ்ட்டாக்:

சாமி சொல்றதுல புலம் பத்தின வாதத்தை நான் ஏத்துக்கறேன், ஆனா "அப்ப இதெல்லாம் வேஸ்ட்"ங்கற மாதிரி தொனிக்குது, அதுல உடன்பாடு இல்ல. 2007-க்கு முன்னாடி அண்டர்டோப்டு (டோப்பிங் கம்மியான) கப்ரேட்ல எலக்ட்ரான்னு ஒண்ணு ஒழுங்கா இருக்கா, ஃபெர்மி லிக்விடே (எலக்ட்ரான்கள் சாதா மெட்டல்ல மாதிரி நடந்துக்கற நிலை) செத்துருச்சான்னுதான் பேச்சு. லிஃப்ஷிட்ஸ்-கோசெவிச் வளைவு மேல டேட்டா அவ்வளவு சுத்தமா உக்காந்ததும் அந்த பேச்சுக்கே தரை கிடைச்சது. 2020-ல அஞ்சு லேயர் கப்ரேட்ல உள்ள இருக்குற சுத்தமான தளத்துல ஆர்பெஸ்ஸும் ஆசிலேஷனும் ரெண்டுமே ஒரே சின்ன ஹோல் பாக்கெட்டை காட்டிருக்கு, அங்க புலம் இல்லாத அளவும் புலத்துல எடுத்த அளவும் ஒத்துப்போகுது. அதுக்கு என்ன சொல்றீங்க?

---

சந்தேக_சாமி:

அது அருமையான வேலை, மறுக்கல. ஆனா அது ஆன்டிஃபெரோமேக்னட் ஒழுங்கோட (பக்கத்து பக்கத்து ஸ்பின் எதிரெதிரா நிக்குறது) இருக்குற தளம், ஒய்பிசிஓ-ல நீங்க மடிக்கிறது சார்ஜ் ஒழுங்கை வச்சு. ஒண்ணுல ஒத்துப்போச்சுன்னு இன்னொண்ணுக்கு சான்றிதழ் குடுக்க முடியாது.

---

ஹெச்பார்_தம்பி:

நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டதுல எனக்கு கடைசி ரெண்டு ஸ்லைடு கிடைச்சிருச்சு 😄 முதல் ஸ்லைடுல வரலாறு எவ்வளவு போடலாம்? டி ஹாஸ், வான் ஆல்ஃபென் வரைக்கும் போகணுமா?

---

க்ரையோஸ்டாட்_அண்ணன்:

ஒரே நிமிஷம் போதும். 1930, லைடன், பிஸ்மத். ஷுப்னிகோவும் டி ஹாஸும் ரெசிஸ்டன்ஸ்ல பாத்தாங்க, அதே வருஷம் டி ஹாஸும் வான் ஆல்ஃபெனும் காந்தமாக்கத்துல பாத்தாங்க. லண்டாவ் அதே வருஷம் கணக்கு போட்டு இது வரணும்னு சொல்லிட்டு, ஆனா எக்ஸ்பெரிமெண்டுல தெரியாதுன்னும் சொல்லிட்டாரு, லைடன்ல தெரிஞ்சிட்டு இருக்கறது அவருக்கு தெரியாது. ஷுப்னிகோவ் அப்புறம் கார்கிவ் திரும்பிப் போய் 1937-ல ஸ்டாலின் ஆட்சியில சுட்டுக் கொல்லப்பட்டாரு, அதையும் ஒரு வரி சொல்லு, பேரை மட்டும் சொல்லிட்டு போறது சரியில்ல.

வரலாறை விட முக்கியம் முதல் படம். பேப்பர்ல இருந்து வெட்டி ஒட்டாத, நீயே வரை. பைத்தான்ல 30-ல இருந்து 60 டெஸ்லா வரைக்கும் புலம் எடுத்துக்கோ, 530 ஃப்ரீக்வென்சி, லாவண்யா சொன்ன எக்ஸ் ஃபேக்டரை பெருக்கு, டிங்கிளுக்கு ஒரு அடுக்குக்குறி போட்டு அதை கூட்டிக் குறைச்சு பாரு. முதல்ல புலத்தை எக்ஸ் அச்சா வச்சு காட்டு, 35 டெஸ்லா கிட்ட அலை இடைவெளி 2.3 டெஸ்லா, 55 கிட்ட 5.7, கண்டபடி விரிஞ்சிக்கிட்டே போகும். அடுத்த ஸ்லைடுல எக்ஸ் அச்சை மட்டும் ஒன்றின் கீழ் புலமா மாத்து, சுமார் ஒம்போது அலை, எல்லாம் சம இடைவெளி. அங்க நிறுத்திட்டு 1.9 சதவீத கணக்கை போர்டுல சாக்பீஸ்ல போடு. டோப்பிங் 0.10-க்கும் 0.038-க்கும் இடிக்குதேன்னு மேடம் கேட்டா சாமி சொன்னதை அப்படியே சொல்லு, கேக்கலன்னா நீயே சொல்லிரு.